வெளுத்ததெல்லாம் விரோதி அல்ல!

போன பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முப்பத்தேழு கொலைகள் செய்தேன். பயந்துவிடாதீர்கள். போலீஸ் வரவில்லை. வரவும் வராது. ஆனால் அன்றைக்கு நான் கொன்றது யாரை என்று பத்து நாள் கழித்துத் தெரிய வந்தபோது, வெட்கத்தினால் என் முகம் எங்கள் வீட்டுச் செம்பருத்திப் பூவின் நிறத்துக்குச் சிவந்துவிட்டது.

விஷயம் அந்தச் செம்பருத்தியைப் பற்றியதுதான்.

கொல்லையில் கிணற்றடி ஓரமாக அத்தை வைத்து வளர்த்த அடுக்குச் செம்பருத்தி அது. காலையில் ஸ்நானம் ஆனதும் நாலு பூப் பறித்துக்கொண்டு பூஜை அறைக்குள் நுழைவது அத்தையின் முப்பது வருஷப் பழக்கம். அதற்குப் பக்கத்தில் தானாக முளைத்த பப்பாளி மரம் ஒன்று. மாசி கடைசியில் பப்பாளி இலையின் அடிப்புறத்தில் அரிசி மாவு சலித்தாற்போல் வெள்ளை படிந்தது. "பனியாக இருக்கும்" என்றேன் நான். சென்னைப் பட்டணத்தில் எந்தப் பனி இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் செம்பருத்தியின் கொழுந்துகள் சுருண்டு முடங்கின. மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. எறும்புகள் ரேஷன் கடை வாசல்போல் வரிசை கட்டி நின்றன.

"மாவுப் பூச்சி அம்மா, மாவுப் பூச்சி!" என்றாள் காய்கறிக்காரி, கூடையை இறக்கி வைக்கும்போதே.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளையில் பல தினுசு. பொடிப்பொடியாய்ச் சில, எள்ளைப்போல் சில, பஞ்சு உருண்டையாகச் சில, நடுவே சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக் கொழு கொழுவென்று, பஞ்சு நூல் தொங்கத் தொங்கச் சில பெரியவை. 'பெரியதுகள்தான் தாயாக இருக்கவேண்டும். தாயை ஒழித்தால் வம்சமே ஒழிந்துபோகும்' என்று தீர்மானித்தேன். கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெயும், கையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, பெரியதாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அத்தை எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தேழு!

பத்து நாளில் செடி முன்னைவிட வெளுத்துப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து சித்தப்பா ஒரு கல்யாணத்துக்காக வந்தார். விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். என் புகாரைக் கேட்டுவிட்டு, "தாய்ப் பூச்சி எவ்வளவு பெரிதாக இருந்தது அம்மா?" என்று நிதானமாக விசாரித்தார். நான் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "இந்தப் பூச்சியில் தாய் என்பது எள்ளைவிடச் சின்னது. நீ கொன்றது தாயை அல்ல. அந்தத் தாயைத் தின்ன வந்தவனை!" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்னப் பூதக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். அன்று கொல்லையில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. வாசகிகளே, அந்தப் பாடத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். உங்கள் வீட்டுச் செடியையாவது அது காப்பாற்றட்டும்.

மாவுப் பூச்சி, செதில் பூச்சி என்ற பெரிய குலத்தைச் சேர்ந்தது. பார்சலுக்கு முத்திரை வைக்கிறோமே அந்த அரக்கைத் தருவதுகூட இந்தக் குலத்தில் பிறந்த ஒரு பூச்சிதான். எங்கள் வீட்டுக்கு வந்தது பப்பாளி மாவுப் பூச்சி. பெயர் பப்பாளியாக இருந்தாலும் செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று ஒன்றையும் விடாது. பிறந்தது முதல் சாகும்வரை இது போடும் வேஷங்கள் பல. ஒவ்வொரு வேஷத்தையும் அடையாளம் கண்டுகொண்டால்தான் எப்போது அடிக்கலாம், எப்போது அடித்தும் பயனில்லை என்பது தெரியும்.

முட்டைப் பை

முதலில் பஞ்சு உருண்டை. இது பூச்சியே அல்ல, பை. தாய் தன் உடம்பிலிருந்து சுரக்கும் மெழுகு இழைகளால் பின்னி, வாலோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்கிறாள். ஊசி முனையால் பிரித்துப் பார்த்தால் உள்ளே பசுமை கலந்த மஞ்சளில் முட்டைகள். ஒரு தாய் நூற்றிலிருந்து அறுநூறு வரை இடுவாள். அதையும் ஒரே நாளில் இட்டு முடிப்பதில்லை. ஒன்றிரண்டு வாரம் சாவகாசமாக இடுகிறாள். பத்து நாளில் முட்டை பொரிகிறது. மெழுகுப் பையின்மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும், தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். ஆகையால் பைக்கு மருந்து கத்தரிக்கோல்தான்.

ஊரும் குஞ்சு

பை பொரிந்ததும் வெளியே வருவது மஞ்சள் நிறக் குஞ்சு. கண்ணுக்குத் தெரிவது ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியில் ஒரு துகள் அளவுதான். மேலே மாவு இல்லை. ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, ஓயாத நடை. வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால், காகிதத்தில் விழுந்த மஞ்சள் துகள் நடக்க ஆரம்பிக்கும். நடந்தால் குஞ்சு; நடக்காவிட்டால் தூசி. இவ்வளவுதான் பரீட்சை.

மனித ஜாதியில் குழந்தை கிடந்த இடத்தில் கிடக்கும். தாய் ஓடியாடித் திரிவாள். இந்தக் குலத்தில் எல்லாம் தலைகீழ். தாய் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். குஞ்சுதான் ஊர் சுற்றுகிறது. காற்றில் பறந்து அடுத்த வீட்டுக்குப் போவதும், நம் புடைவைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு மாடித் தோட்டத்துக்கு ஏறுவதும், எறும்போடு அடுத்த செடிக்குப் போய்ச் சேருவதும் இதுதான். வியாதியைப் பரப்புவது இந்தப் பருவம். ஆனால் மாவுக் கவசம் இல்லாததால், சோப்புத் தண்ணீருக்கே மடிந்து போவதும் இந்தப் பருவம்தான்.

இளம் பூச்சி

நல்ல இடமாகப் பார்த்து மூக்கைக் குத்திச் சாறு உறிஞ்சத் தொடங்கியதும் குஞ்சு தோலுரிக்கிறது. மேலே மாவு லேசாகப் படிகிறது. இந்த இரண்டாம் பருவம் வரையில் ஆண் எது, பெண் எது என்று சித்தப்பாவின் கண்ணாடிக்கும் தெரியாது. இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே அச்சு. இலையில் உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள் கிடக்கும். அவற்றையும் பூச்சி என்று எண்ணிவிடக்கூடாது. ஊதினால் பறந்தால் தோல். ஊதியும் அசையாவிட்டால் பூச்சி.

பெண்

இதற்குப் பிறகு வழி பிரிகிறது. பெண் இன்னும் இரண்டு முறை தோலுரித்துத் தாயாகிறாள். வளர்ந்த பெண்ணின் நீளம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மஞ்சள் உடம்பின்மேல் கோலமாவு தூவினாற்போல் வெள்ளை. மாவுக்கு அடியில் மஞ்சள் தெரியும். உடம்பைச் சுற்றிப் பாவாடைக் கரைபோலக் குட்டையான மெழுகு நூல்கள், ஒழுங்காக வரிசையாக நிற்கும். இறக்கை கடைசி வரையில் கிடையாது. ஊசியால் தள்ளினால் மெள்ள நாலு அடி எடுத்து வைப்பாள், அவ்வளவுதான். முட்டையிட்டு முடிந்ததும் பையின் ஓரத்தில் சுருங்கி உலர்ந்து போகிறாள்.

ஆண்

ஆணுடைய கதை வேறு. இரண்டாம் பருவத்தின் முடிவில் உடம்பில் இளஞ்சிவப்பு ஏறுகிறது. தன்னைச் சுற்றிச் சின்னதாக ஒரு பஞ்சுக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுகிறது. முட்டைப் பையையும் இந்தக் கூட்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். பிரித்துப் பாருங்கள். உள்ளே நிறைய மஞ்சள் முட்டை இருந்தால் பை. ஒரே ஓர் இளஞ்சிவப்புப் பிராணி படுத்திருந்தால் ஆணின் கூடு. கூட்டிலிருந்து வெளிவருவது, கொசுவைவிடச் சிறியதாக, ஒரே ஜோடி இறக்கையோடு கூடிய பூச்சி. தாயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஜாதி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். இதற்குச் சாப்பிடும் வாய் கிடையாது. சில நாட்கள் பறந்து, ஜோடியைத் தேடிக்கொண்டு, மடிந்து போகிறது. பாவம், இதனால் செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

இப்போது என்னுடைய கொலைக் கேசுக்கு வருகிறேன்.

நான் தள்ளிவிட்ட பெரியவை, கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். வளர்ந்த வண்டு கறுப்பாக, ஆரஞ்சுத் தலையோடு, மிளகைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். அதன் பிள்ளையோ மாவுப் பூச்சியைப்போலவே வெள்ளை மெழுகு போர்த்துக்கொண்டு, மாவுப் பூச்சியின் நடுவிலேயே உட்கார்ந்து, மாவுப் பூச்சியைத் தின்கிறது. முட்டை, குஞ்சு, தாய் எதுவும் பாக்கி இல்லை. ஆஸ்திரேலியா தேசத்துப் பிரஜையான இந்த வண்டை 1898-ல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்கு வரவழைத்தார்கள். வந்த காரியம் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் வண்டு இங்கேயே குடியேறி, மாவுப் பூச்சிக்குப் பரம வைரியாகிவிட்டது.

இந்தப் புழுவுக்கும் தாய்ப் பூச்சிக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டமே இல்லை என்பதுதான் என் வெட்கத்துக்குக் காரணம். தாயின் மெழுகு நூல் குட்டை, ஒழுங்கு. புழுவின் நூல் நீளம். எண்ணெய் காணாத தலைமுடிபோல் தாறுமாறு. தாய் எள்ளைவிடச் சிறியது. புழு வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டருக்குமேல் போகும். தாயைத் தொட்டால் சோம்பேறியாக நகரும். புழுவைத் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். வடக்கே மாமரத்தில் வரும் பெரிய மாவுப் பூச்சி வேறு இனம்; அதற்கு இந்த அளவுக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஓட்டத்தைப் பாருங்கள்.

இன்னொரு விருந்தாளியும் வருவது உண்டு. அது ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் புழு. அதுவும் மாவைப் பூசிக்கொண்டு மாவுப் பூச்சியைத் தின்கிற ரகம். அது கூட்டுப்புழுவாகும்போது பார்த்தால், சாக்ஷாத் குரங்கு முகம்! கண்ணும் மூக்கும் எழுதி வைத்தாற்போல் இருக்கும். உங்கள் செடியில் குட்டிக் குரங்கு முகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

"ஒரு கொல்லையில் நீ செய்த பிசகை, ஜில்லா ஜில்லாவாகச் செய்தோமே அம்மா!" என்று சித்தப்பா பெருமூச்சு விட்டார்.

2008-ஆம் வருஷம் கோயமுத்தூரில்தான் இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது. சொந்த ஊர் மெக்ஸிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்ததே 1992-ல்தான். அதே 2008-ல் இலங்கையிலும் தலைகாட்டியது. கோயமுத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் என்று பரவியது. பட்டுப்புழுவுக்குப் போட வேண்டிய மல்பெரி இலை சுருண்டது. மரவள்ளிக் காடுகள் வெளுத்தன. பப்பாளித் தோப்புகளை வெட்டிச் சாய்த்தார்கள். விவசாயிகள் மருந்தை மேலும் மேலும் அடித்தார்கள். முட்டை பையினுள் பத்திரமாக இருந்தது. தாய் மாவுக்கு அடியில் பத்திரமாக இருந்தாள். மேலே திரிந்த பொறிவண்டுகள்தான் முதலில் செத்தன. பூச்சி மறுபடி பெருகியது.

கடைசியில் வழி கிடைத்தது பூச்சியின் பழைய வட்டாரத்திலிருந்துதான். 2010-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று இனக் குட்டிக் குளவிகள் பெங்களூருக்கு வந்து சேர்ந்தன. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்படவேண்டாம். மாவுப் பூச்சியைவிடச் சிறியவை. மனிதரைக் கொட்டத் தெரியாதவை. பரீட்சித்துப் பார்த்து, அந்த வருஷம் அக்டோபர் முதல் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் அவற்றை வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தது. பல இடங்களில் சில மாதங்களுக்குள்ளாகவே பூச்சி அடங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மூன்றில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, மாவுப் பூச்சியின் இரண்டாம் பருவத்தைத்தான் விரும்பித் தேடுகிறது. மற்ற இரண்டும் மூன்றாம் பருவத்தையும் வளர்ந்த பெண்ணையும் தேடுகின்றன. ஊரும் குஞ்சுக்குள் முட்டையிட்டால் அதன் வம்சம் தேறுவதில்லை. நான் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தவறவிட்ட பரீட்சையை, ஒரு மில்லிமீட்டர் குளவி தினசரி தேறிக்கொண்டிருக்கிறது!

குளவி வேலை செய்ததற்கும் அடையாளம் உண்டு. முட்டையிடப்பட்ட பூச்சி உப்பி, தோல் கெட்டியாகி, பழுப்பேறிச் சின்னப் பீப்பாய்போல ஆகிவிடும். அதில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம்; துளை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறது. அதைத் தேய்த்துக் கழுவிவிட்டால், நம் வீட்டுக்கு வந்த வைத்தியரைத் தொட்டிலிலேயே நெரித்தது போலாகும்.

சரி, செடிக்கு என்ன செய்வது? சித்தப்பா சொன்னபடி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு நிமிஷம் சும்மா நின்று பார்த்தோம். ஓடுகிற வெள்ளைப் புழு, குரங்கு முகம், பழுப்புப் பீப்பாய் ஆகியவை இருந்த கிளைகளில் சிவப்பு நூல் கட்டினோம். அந்தக் கிளைகளைத் தொடவில்லை.

பஞ்சுப் பை அப்பிய மற்றக் கொழுந்துகளை வெட்டி, உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினோம். குப்பை மேட்டிலோ மதில் சுவருக்கு அப்பாலோ எறியக்கூடாது. குஞ்சு நடந்து திரும்பி வந்துவிடும்.

எஞ்சிய இலைகளின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம். அன்று சாயங்காலம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்பும் கரைத்து, முதலில் ஓர் இலையில் தெளித்தோம். மறுநாள் அந்த இலை கருகவில்லை என்று கண்டபிறகே மற்ற இலைகளுக்கும் தெளித்தோம். வெயிலில் தெளிப்பது கூடாது.

வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம். இங்கேதான் பருவம் பார்ப்பதன் பலன் தெரிகிறது. இன்றைக்குத் தெளிப்பது இன்றைக்கு நடமாடும் குஞ்சுக்கு மட்டும். பையினுள் இருப்பது அடுத்த வாரம் வெளியே வரும்; அதற்கு அடுத்த வாரத் தெளிப்பு. ஒரே நாளில் ஒரு குடம் தெளித்துவிட்டு, "மருந்து போலி" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

கடைசியாக, எறும்பு. மாவுப் பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் விரட்டுகிறது. அந்தப் பிசுபிசுப்பின் மேல்தான் பிறகு கரி பூசினாற்போல் பூஞ்சணம் படிகிறது. அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி அதில் வாஸலைன் தடவியதும் வரிசை நின்றுபோயிற்று.

சித்திரை பிறந்து மூன்றாம் வாரம் செம்பருத்தி புதுத் துளிர் விட்டது. பப்பாளியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, வெட்டிவிட்டோம். சிவப்பு நூல் கட்டிய கிளையில் ஆரஞ்சுத் தலை வண்டுகள் சில உலாவுகின்றன. என் கையிலிருந்து தப்பியவற்றின் சந்ததியாக இருக்கவேண்டும்.

நேற்றுக் காலை அத்தை பூப் பறித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அதோ பாருங்கோ, பெரிய மாவுப் பூச்சி ஓடறது! நசுக்குங்கோ!" என்று கூவினார்.

அத்தை பூக்கூடையைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போனார்.

"மாமி, ஓடறதா? அப்படியானால் அது நம்மாத்து மனுஷா. இப்படி வாங்கோ, காட்டறேன்" என்றார்.